தெரிந்தும் ஏன் கை ஓங்கினான்?

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் ஓர் இடைநிலைப்பள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓய்வு நேரம். சிற்றுண்டிச்சாலை வரிசையில் நிற்கும் பதினான்கு வயதுப் பையன் மலாயில் ஏதோ கேட்கிறான். அவன் உச்சரிப்பை ஒருவன் அப்படியே பேசிக்காட்டுகிறான். பின்னால் நாலு பேர் சிரிக்கிறார்கள். அடுத்த கணம் தட்டு பறக்கிறது. சட்டைக் காலர் பிடிபடுகிறது. பத்து நிமிடம் கழித்துக் கட்டொழுங்கு ஆசிரியரின் அறையில், ஏன் செய்தாய் என்ற கேள்விக்கு அவனிடம் இருப்பது ஒரே பதில்தான். "தாக் தாவு, சிக்கு." தெரியவில்லை, சார்.

அன்று இரவு அம்மா கேட்கிறார்: "யாராச்சும் கிண்டல் பண்ணா என்னடா செய்யணும்?"

"கண்டுக்காம போயிடணும்மா. ரொம்பப் போனா சிக்குகிட்ட சொல்லணும்."

தேர்வில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். இரவில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒன்று காலை பத்து மணிக்கு எங்கே போயிருந்தது? கொழுப்பு என்பார்கள் சிலர். வளர்ப்பு சரியில்லை என்பார்கள் வேறு சிலர். கடந்த முப்பது ஆண்டு மூளை ஆராய்ச்சி மூன்றாவதாக ஒரு பதிலைத் தருகிறது. ‘தெரியவில்லை’ என்று அவன் சொன்னது பெரும்பாலும் உண்மை என்பதிலிருந்து அந்தப் பதில் தொடங்குகிறது.

ஒரே தலையில் இரண்டு வயது

உளவியலாளர்கள் சிந்தனையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவசரமில்லாமல், யாரும் பார்க்காமல், நிதானமாக யோசிப்பது ஒன்று. இதைத் தண்மைச் சிந்தனை எனலாம். உணர்ச்சி கிளர்ந்திருக்கும்போது, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, நொடியில் முடிவெடுப்பது மற்றொன்று. இதை வெம்மைச் சிந்தனை எனலாம். அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கின் குழு இந்தியா, தாய்லாந்து, சீனா, கென்யா உட்பட 11 நாடுகளில், 10 வயதிலிருந்து 30 வயது வரையான 5,000க்கும் மேற்பட்டோரை இந்த இரண்டிலும் சோதித்தது. 2019இல் வெளியான முடிவின்படி, தண்மைச் சிந்தனை சுமார் 16 வயதிலேயே பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறனும் பின்விளைவை எண்ணிப்பார்க்கும் திறனும் 18 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன.

அம்மாவுக்குப் பதில் சொன்னவன் தண்மையில் இருந்தான். தட்டை எறிந்தவன் வெம்மையில் இருந்தான். அறிவுரையை நாம் எப்போதும் தண்மையில் இருப்பவனிடம்தான் சொல்கிறோம். அவனுக்கோ அது ஏற்கெனவே தெரியும்.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது? 1990களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு பொறுமையான வேலையைச் செய்தார்கள். ஆரோக்கியமான பிள்ளைகளைக் காந்த அதிர்வுப் படக் கருவியில், அதாவது எம்ஆர்ஐயில், படுக்கவைத்து மூளையைப் படமெடுத்தார்கள். சுமார் இரண்டு ஆண்டு கழித்து அதே பிள்ளையை மறுபடி எடுத்தார்கள், பிறகு மறுபடியும். ஒரே ஆளைத் தொடர்ந்து பார்த்ததால்தான் வளர்ச்சியின் வரிசை தெரிந்தது. மூளையின் சாம்பல் நிறப் பகுதி பருவமடையும் காலம் வரை பெருகிப் பிறகு குறைகிறது என்று 1999இல் அறிவித்தார்கள். குறைவது கேடு இல்லை. அதிகம் புழங்காத இணைப்புகள் கழிந்துபோகின்றன. புழங்குகிற இணைப்புகளின் மேல் மையலின் என்னும் கொழுப்புறை படிந்து செய்தி விரைவாகப் போகிறது. இந்தச் சீரமைப்பு மூளையின் பின்பக்கம் தொடங்கி முன்பக்கம் நோக்கி நகர்கிறது என்பது 2004இல் தெளிவானது.

கடைசியாகச் சீரமைவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்நுதல் புறணி. பொறு, யோசி, வேறு வழி பார் என்று சொல்லும் பகுதி அது. இருபதுகளின் நடுப்பகுதி வரைகூட அங்கே வேலை நடக்கிறது. ஆனால் ஆபத்தையும் அவமானத்தையும் நொடியில் மோப்பம் பிடிக்கும் அமிக்டலா, காதுகளுக்கு நேர் உள்ளே ஆழத்தில் வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும் பகுதி, பருவமடையும் நேரத்திலேயே முழு வேகத்தில் இயங்குகிறது.

பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். மூன்று வயது ரப்பர்க் கன்றைக் கீறினாலும் பால் வரும். ஆனாலும் அதை யாரும் வெட்டுக்கு எடுப்பதில்லை. ஆளுயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு சுமார் 50 சென்டிமீட்டர் ஆகும் வரை, ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை, காத்திருப்பார்கள். கத்தியைத் தாங்கும் அளவுக்குப் பட்டை பருக்க வேண்டும். ஒரே நாளில் நட்ட கன்றுகள் ஒரே நாளில் பருப்பதும் இல்லை. அதனால் வயதை மட்டும் நம்பாமல் நாடா வைத்து அளப்பார்கள். பதின்ம வயதுப் பிள்ளையிடம் உணர்ச்சி என்னும் பால் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. பட்டைதான் இன்னும் மெல்லியது.

பார்க்கிற கண்கள்

மூளை வளர்ச்சி உலகெங்கும் ஒன்றுதான். அது எந்தச் சூழலில் நடக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும்.

2005இல் மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் ஒரு விளையாட்டில் உட்காரவைத்தார்கள். மஞ்சள் விளக்கு வந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்பதே சோதனை. தனியாக ஆடியபோது வயதுக்கு வயது பெரிய வேறுபாடு இல்லை. சமவயது நண்பர்களைப் பக்கத்தில் நிற்கவைத்ததும் பதின்ம வயதினரின் துணிச்சல் எகிறியது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை. இரவில் காப்சாய் மோட்டார் சைக்கிளில் சாகசம் காட்டும் பையன் தனியாகப் போகும்போது ஏன் ஒழுங்காகப் போகிறான் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

லியா சாமர்வில் 2013இல் வெளியிட்ட சோதனை இன்னும் நுட்பமானது. 8 முதல் 23 வயது வரையான 69 பேர் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தார்கள். "உள்ளே ஒரு கேமரா இருக்கிறது. அது இயங்கும்போது உன் வயதொத்த ஒருவர் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்" என்ற அளவில் அவர்களிடம் சொல்லப்பட்டது. வேறு எந்த வேலையும் இல்லை, சும்மா கிடக்க வேண்டியதுதான். உண்மையில் அப்படி யாரும் பார்க்கவும் இல்லை. ஆனாலும் பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணத்திலேயே கூச்சம் ஏறியது, தோலில் வியர்வை ஏறியது, தன்னைப் பற்றி யோசிக்கும் மூளைப் பகுதி விழித்துக்கொண்டது. இவை மிக உயர்ந்து நின்றது பதின்ம வயதில்.

இப்போது கெடாவுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த பிள்ளை, பதின்மூன்று வயதில் மலாய் வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. மலாயில் போதிய தேர்ச்சி இல்லாவிட்டால் படிவம் ஒன்றுக்கு முன் ‘பெராலிஹான்’ வகுப்பில் கூடுதலாக ஓராண்டு. முப்பது நாற்பது பேர் படித்த தோட்டப்பள்ளியில் எல்லா ஆசிரியருக்கும் பெயர் சொல்லித் தெரிந்த பிள்ளை, ஆயிரம் பேர் கூட்டத்தில், தனக்குச் சரளமில்லாத மொழியில் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. பிறர் கண்ணுக்கு மூளை மிகவும் கூசுகிற வயதும், பிறர் காதில் தன் மொழி தடுமாறுகிற வயதும் ஒன்றாக வந்து சேர்கின்றன. உச்சரிப்பைக் கிண்டல் செய்வது பெரியவர்களுக்கு அற்பம். அந்த மூளைக்கு அது ஆபத்து மணி.

வீட்டுச் சூழலும் மாறிவிட்டது. பீடோங், பாடாங் செராய், லுனாஸ் வட்டாரத்தில் ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் என்னும் தோட்டத்து வரிசைவீடுகளில் இருந்தவர்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதி வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தார்கள். 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. சுங்கைப்பட்டாணியின் தொழிற்பேட்டைகளிலும் ஷிப்ட் வேலை பெருகியது. லயத்து வாழ்க்கையில் வறுமையும் கள்ளும் அடிதடியும் இருந்தன. அதைப் பொற்காலம் ஆக்க வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே ஒரு பிள்ளை மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தால் நாலு வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். தாமான் வீட்டில் அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட் என்றால் கேட்பதற்கு இருப்பது கைப்பேசி மட்டும்.

நாடு தழுவிய எண்கள் கவலை தருகின்றன. மலேசிய சுகாதார அமைச்சின் 2022 இளையோர் ஆய்வில் 26.9 விழுக்காட்டினரிடம், அதாவது நால்வரில் ஒருவரிடம், மனச்சோர்வுக்கான அறிகுறிகள் தென்பட்டன. 2017 ஆய்வில் இது 18.3 விழுக்காடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘ஐந்தாண்டில் இவ்வளவு ஏறிவிட்டது’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் இரண்டு ஆய்விலும் கேட்கப்பட்ட கேள்வித்தாள்கள் வேறு வேறு. தவிரவும் கேள்வித்தாள் காட்டுவது அறிகுறியைத்தான், மருத்துவர் உறுதிசெய்த நோயை அல்ல. ஏற்றம் எவ்வளவு என்பதில் நிதானம் வேண்டும். நால்வரில் ஒருவர் என்பதே நாம் அசைந்துகொடுக்கப் போதுமான எண்.

அடக்கினால் அடங்குமா?

பிள்ளைகளிடம் நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? "கோவத்த அடக்கு." "ஆம்பளப் பையன் அழுவானா?" "மூஞ்சிய அப்படி வைக்காத."

உணர்ச்சியை நெறிப்படுத்துவது பற்றிய நவீன ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ். உணர்ச்சி படிப்படியாக உருவாகிறது என்பார் அவர். முதலில் ஒரு சூழல். அதில் நம் கவனம் எதன்மேல் விழுகிறது என்பது அடுத்தது. அதற்கு நாம் கொடுக்கும் பொருள் அதற்கடுத்தது. கடைசியில் உடலும் முகமும் காட்டும் எதிர்வினை. எந்தப் படியிலும் தலையிடலாம். முன்படியில் தலையிட்டால் செலவு குறைவு, கடைசிப் படியில் செலவு மிக அதிகம். அடக்கச் சொல்வது கடைசிப் படி.

எப்படித் தெரியும்? 1993இல் கிராஸும் ராபர்ட் லெவென்சனும் அருவருப்பூட்டும் மருத்துவப் படக்காட்சியைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம் ‘பார்க்கிறவருக்கு உங்கள் உணர்ச்சி தெரியவே கூடாது’ என்றார்கள். அவர்கள் முகத்தை நன்றாகவே மறைத்தார்கள். ஆனால் உள்ளே அருவருப்பு குறையவில்லை. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம், மறைக்காதவர்களைவிட இவர்களிடம் அதிகம் கிளர்ந்திருந்தது. பிறகு 2000இல் ஜேன் ரிச்சர்ட்ஸும் கிராஸும் செய்த சோதனைகளில் இன்னொரு விலையும் தெரிந்தது. உணர்ச்சியை மறைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் கேட்ட விவரங்கள் சரியாக நினைவில் நிற்கவில்லை. திட்டு வாங்கிவிட்டு முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு அடுத்த பாடவேளைக் கணக்கு ஏன் ஏறவில்லை என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

கிராஸின் வரிசையில் மூன்றாம் படிக்கு மறுபார்வை என்று பெயர் வைக்கலாம். ‘அவன் என்னைக் கேவலப்படுத்தினான்’ என்பதை ‘அவனும் நாலு பேர் சிரிக்கணும்னு கூத்தடிக்கிறான்’ என்று திருப்பிப் பார்ப்பது. நல்ல உத்திதான். ஆனால் அதைச் செய்ய முன்நுதல் புறணி தேவை. பட்டை பருக்காத இடம் அதுவே. வயது ஏற ஏறத்தான் இந்தத் திறன் கூடுகிறது என்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆகவே அதற்கும் முந்தைய படி, அதாவது கவனம், பதின்ம வயதுக்கு வசதியான நுழைவாயில்.

மனவிழிப்பு செய்வது என்ன?

மைண்ட்ஃபுல்னஸ் என்று உலகம் சொல்வதை இங்கே மனவிழிப்பு என்று அழைப்போம். இப்போது நடப்பதை, உடலிலும் மனத்திலும், நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதாமல் கவனிப்பது. அவ்வளவே அதன் சாரம். பௌத்த மரபிலிருந்து வந்த பயிற்சி இது. கெடா மண்ணுக்கு அந்த மரபு அந்நியமும் இல்லை. மெர்போக் பக்கத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் தோட்டங்களுக்கு நடுவே தோண்டியெடுத்த செங்கல் கட்டடங்களில் இந்துக் கோயில்களோடு பௌத்தச் சின்னங்களும் கிடைத்திருக்கின்றன. மதச் சடங்குகளைக் கழித்துவிட்டு மனவிழிப்புப் பயிற்சியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின். 1979இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக அவர் தொடங்கிய பயிற்சிதான் பிறகு உலகெங்கும் எட்டு வார வகுப்பாகப் பரவியது.

அதன் முதல் பாடம் மூச்சு. ஏன் மூச்சு? இதயத் துடிப்பை ‘குறை’ என்று உத்தரவிட்டுக் குறைக்க முடியாது. மூச்சை முடியும். தானாகவும் நடந்து, நாம் நினைத்தாலும் மாறும் இயக்கம் அது.

இதை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இடது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள். இன்னும் மெதுவாக விடுங்கள். நாலைந்து மூச்சு போனபின், இழுக்கும்போது நாடி கொஞ்சம் முந்துவதும் விடும்போது பிந்துவதும் விரலில் தெரியும். இளையவர்களிடம் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். மூளையின் அடித்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு, துடிப்பைத் தணிக்கும் வேலை செய்கிறது. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு நிதானித்தால் இந்த ஏற்றயிறக்கம் மிகவும் பெரிதாகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தத்துவம் சொல்வதைவிடத் தன் நாடி தன் சொல் கேட்பதைக் காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது பாடம், உள்ளே எழுவதற்குப் பெயர் வைப்பது. 2007இல் மேத்யூ லீபர்மனின் குழு 30 பேருக்குக் கோபமான, பயந்த முகங்களைக் காட்டியது. சில முறை அந்த முகத்தின் உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. சில முறை அந்த முகத்துக்குப் பொருத்தமான ஆண் பெயரையோ பெண் பெயரையோ தேர்ந்தெடுக்கச் சொன்னது. இரண்டுமே பெயர் சூட்டும் வேலைதான். ஆனால் உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோதுதான் அமிக்டலாவின் ஆட்டம் தணிந்தது, முன்நுதல் புறணியின் வலப்பக்கம் விழித்தது.

அது ஆய்வுக்கூடத்து முகம், நிஜப் பயத்துக்குச் செல்லுமா என்று ஐயப்படலாம். 2012இல் சிலந்தியைக் கண்டால் நடுங்கும் 88 பேரை உயிருள்ள பெரிய சிலந்தியின் அருகே கொண்டுபோனார்கள். ‘இந்த அசிங்கமான சிலந்தியைப் பார்த்து எனக்குப் பதறுகிறது’ என்று தன் நிலையை வாய்விட்டுச் சொன்னவர்களின் உடல், ஒரு வாரம் கழித்து மறுபடி சிலந்தியைச் சந்தித்தபோது மற்றவர்களைவிட அமைதியாக இருந்தது. ‘இது ஒன்றும் செய்யாது’ என்று தேற்றிக்கொண்டவர்களைவிடவும்.

இதில் பதின்ம வயதுக்கு ஒரு சிக்கல் உண்டு. எரிக் நுக்கும் சக ஆய்வாளர்களும் 5 முதல் 25 வயது வரையான 143 பேரைச் சோதித்து 2018இல் வெளியிட்ட முடிவு: உணர்ச்சிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும் திறன் சிறுவயதில் இருப்பதைவிடப் பதின்ம வயதில் இறங்கிப் பிறகு ஏறுகிறது. குழந்தைக்கு ஒரு நேரத்தில் ஒரு உணர்ச்சிதான். பதின்ம வயதில் கோபமும் வெட்கமும் ஏக்கமும் ஒன்றாக எழுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க இன்னும் பழகவில்லை. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ‘டென்ஷன்’ என்ற ஒரே பதில். கட்டொழுங்கு ஆசிரியரின் ‘ஏன்’ பயனற்றுப் போவதும் அதனால்தான். ‘அப்ப உடம்புல எங்க தெரிஞ்சுச்சு? நெஞ்சா, காதா, கையா?’ என்று கேட்டால் பதில் வரும். காது சுட்டது என்று ஒருவன் சொல்லிவிட்டால் போதும். அடுத்த முறை காது சுடும்போது அவனுக்கு இரண்டு மூன்று நொடி முன்னறிவிப்பு கிடைக்கிறது. இந்தக் கேள்வியைப் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் கேட்பது இன்னும் நல்லது. தடுமாறும் மொழியில் உள்ளத்தைப் பிட்டுவைக்க யாராலும் முடியாது.

எல்லாப் பிள்ளைகளையும் கண்மூட வைக்கலாமா?

இவ்வளவு சொன்னபின், ஞாயிற்றுக்கிழமை காலைச் சபைகூடலில் (கெடாவில் பள்ளி வாரம் அன்றுதானே தொடங்குகிறது) எல்லாரையும் பத்து நிமிடம் கண்மூட வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்படித் தோன்றியவர்கள் பிரிட்டனிலும் இருந்தார்கள். நல்லவேளையாக, அவர்கள் அதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

சோதனைக்கு முன் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 2019இல் டேரன் டனிங்கும் சகாக்களும் பிள்ளைகள், பதின்ம வயதினர் 3,666 பேரை உள்ளடக்கிய 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயன் இருந்தது, ஆனால் சிறிய அளவில். பிறகு வந்தது ‘மிரியட்’ என்ற பெருஞ்சோதனை. சுமார் 85 பள்ளிகள், 11 முதல் 14 வயது வரையான 8,376 மாணவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பத்து மனவிழிப்புப் பாடங்களை நடத்தினார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கமான சமூக, உணர்ச்சிக் கல்வி தொடர்ந்தது. 2022இல் முடிவு வந்தது. மனச்சோர்விலோ நடத்தையிலோ நலவாழ்விலோ, வழக்கமான கல்வியைவிட இது மேலானதாக இல்லை. ஏற்கெனவே மனநலச் சிக்கலுக்கு நெருக்கத்தில் இருந்த சில மாணவர்களுக்குச் சற்று மோசமாகக்கூடப் போயிருந்தது.

காரணங்களைத் தேடியபோது கண்ணில் பட்ட முதல் விஷயம், பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே பயிற்சியைத் தொடவே இல்லை. சலிப்பாக இருந்தது என்றார்கள். விருப்பம் கேட்காமல் முழு வகுப்புக்கும் ஊற்றிய மருந்து அது. வீட்டில் அடிதடி பார்த்துவிட்டு வரும் பிள்ளையைக் கண்மூடி உள்ளே பார்க்கச் சொன்னால், உள்ளே நிற்பது அந்தக் காட்சிதான் என்பதையும் மறக்கக் கூடாது. அத்தகைய பிள்ளைக்குக் கண் திறந்தே இருக்கட்டும். பாதம் தரையில் படுவதையோ ஜன்னலுக்கு வெளியே கேட்கும் ஓசையையோ கவனித்தால் போதும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதற்கு இருக்கட்டும்.

மூச்சைப் பற்றிப் பேசுமுன் தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டிய வீடுகளும் உண்டு. பருவமடையும்போது தூக்கத்தைக் கூட்டிவரும் மெலட்டோனின் சுரப்பு இரவில் தள்ளிப்போகிறது. பதினோரு மணிக்குத் தூக்கம் வராதது முழுக்கத் திமிர் இல்லை. காலை ஏழரை மணிப் பள்ளிக்குத் தோட்டப்புறத்திலிருந்து விடியுமுன் பேருந்து பிடிக்கும் பிள்ளை, அந்த இழப்பை எங்கும் ஈடுகட்ட முடியாது. சுமார் 35 மணிநேரம் தூங்காமல் இருந்த இளைஞர்களின் அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 விழுக்காடு அதிகம் கிளர்ந்தது என்று 2007இல் மேத்யூ வாக்கரின் குழு கண்டது. இரவு கைப்பேசியை ஹாலில் வைப்பது, சில வீடுகளில் எந்தத் தியானத்தைவிடவும் பெரிய சிகிச்சை.

இன்னும் சில நேரம், மூச்சுப் பயிற்சி போதவே போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது, தன்னை வருத்திக்கொள்கிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்கிறது பிள்ளை என்றால் அரசுச் சுகாதார கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்துவைக்கும் காலம் முடிந்துவிட்டது.

முதல் மாணவர் யார்?

அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அமைதியாகும் என்பது நம் அனுபவம். டிலன் ஜீயின் குழு 2014இல் இதை எம்ஆர்ஐயில் பார்த்தது. சிறு குழந்தைகளுக்கு அம்மாவின் படத்தைக் காட்டினாலே அமிக்டலா தணிந்தது. பதின்ம வயதினரிடம் அந்த விளைவு இல்லை. பிள்ளை நம்மை வெறுத்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அதுவரை அம்மாவிடம் இரவல் வாங்கிய அமைதியை மூளை இனித் தானே தயாரிக்கப் பழகுகிறது. இந்த இடைக்காலத்தில் பெற்றோர் செய்யக்கூடியது, சூடு தணியும் வரை விட்டுவிட்டுத் தண்மையில் இருக்கும்போது பேசுவது. பயிற்சியையும் அந்த நேரத்தில் செய்து பழகுவது. சண்டை நடக்கும் கணத்தில் ‘மூச்சை இழு’ என்று கத்தினால் அது இன்னொரு திட்டுத்தான்.

மிரியட் சோதனையில் மாணவர்களுக்குப் பயன் தெரியாவிட்டாலும் ஓரிடத்தில் தெரிந்தது. பாடம் நடத்துவதற்காக ஆசிரியர்கள் முதலில் தாங்கள் பயிற்சி பெற்றார்கள் அல்லவா? பயிற்சி முடிந்த கையோடு அவர்களுடைய பணிச்சோர்வு குறைந்திருந்தது; பள்ளிச் சூழலில் மரியாதை கூடியிருந்தது. ஓராண்டுக்குப் பிறகு அதில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. தொடர்ந்து செய்யாத எந்தப் பழக்கத்துக்கும் கதி அதுதான்.

என் பார்வையில் கெடாவுக்கு உதவும் செய்தி இதில்தான் இருக்கிறது. ஆயிரம் பிள்ளைகளைக் கண்மூட வைக்கத் திட்டம் போடுவதற்குமுன், கட்டொழுங்கு ஆசிரியரும் ஆலோசனை ஆசிரியரும் ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவும் அம்மாவும் இதைக் கற்கட்டும். பத்து மணிநேர வேலை முடிந்து கதவைத் திறக்கும்போது தன் காது சுடுவதை அப்பா கவனித்துவிட்டால், "இன்னிக்கு அப்பாவுக்குக் கடுப்பா இருக்கு, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லத் தெரிந்துவிட்டால், பெயரிடுவது எப்படி, காத்திருப்பது எப்படி என்ற இரண்டு பாடத்தையும் பிள்ளை கேட்டுவிட்டது. அடித்துத் திருத்தப்பட்ட தலைமுறைக்கு இது எளிதாக வராது. ஆனால் அப்பாவின் முன்நுதல் புறணி முழுதாக வளர்ந்தது. மகனுடையதுக்கு இன்னும் பத்தாண்டு இருக்கிறது. ஆகவே முதல் அடியைப் பெரியவர்தான் எடுத்துவைக்க வேண்டும்.